கேட்காமல் விட்ட கேள்வி: தென்னிந்தியத் திருச்சபை பிறந்த கதை

நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கம் கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் வயதான யாராவது ஒருவர் இன்றும் கேட்பார்: "நீங்க எஸ்.பி.ஜி.யா, சி.எம்.எஸ்.ஸா?" மாப்பிள்ளைப் பையன் விழிப்பான். அவனுக்குத் தெரிந்தது சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபை மட்டும்தான். அந்த இரண்டு மிஷனரி சங்கங்களின் நிர்வாகமும் அவன் தாத்தா காலத்திலேயே முடிந்துபோனது. இத்தனைக்கும் இரண்டுமே இங்கிலாந்துத் திருச்சபையின், அதாவது ஆங்கிலிக்கன் சபையின், சங்கங்கள். எஸ்.பி.ஜி. அங்கி, பலிபீடம், சடங்கு என்று சாய்ந்தது. சி.எம்.எஸ். பிரசங்கம், மனந்திரும்புதல் என்று சாய்ந்தது. லண்டன்காரர்களின் அந்தச் சாய்வு, தாமிரபரணிக்குத் தெற்கே தேரிக்காட்டு ஊர்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டு, பெண் கொடுப்பதா வேண்டாமா என்பது வரை வந்துவிட்டது.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான். நாகர்கோவிலில் பிறந்தால் எல்.எம்.எஸ்., அதாவது லண்டன் மிஷன். மதுரையில் பிறந்தால் அமெரிக்கன் மிஷன். வேலூர், ஆற்காடு என்றால் அமெரிக்க சீர்திருத்தச் சபை. செங்கல்பட்டு என்றால் ஸ்காட்லாந்துக்காரர்களின் பிரெஸ்பிட்டேரியன் சபை. தரங்கம்பாடி என்றால் லூத்தரன். ஒரு மிஷன் வேலை செய்யும் பகுதிக்குள் இன்னொரு மிஷன் நுழைவதில்லை என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் கால்வின், லூத்தர் போன்ற சீர்திருத்தவாதிகளைப் படித்து, எடைபோட்டு, நம் முன்னோர் யாரும் சபையைத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த மிஷனரியின் மாட்டுவண்டி முதலில் ஊருக்குள் வந்ததோ, அவருடைய இறையியலே ஊரின் இறையியல் ஆனது.

இன்று வண்டிக்கு வேலையில்லை, கைப்பேசி போதும். முழுக்காட்டாமல் தண்ணீர் தெளித்துக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லுமா? அந்நிய பாஷை பேசாதவர் ஆவியைப் பெற்றவரா? இயேசுவின் இரகசிய வருகை உபத்திரவ காலத்துக்கு முன்பா, பின்பா? ஞானஸ்நானம் கொடுக்கும்போது பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்பதா, இயேசுவின் நாமம் மட்டும் போதுமா? யூடியூபில் ராத்திரி இரண்டு மணிக்கும் யாரோ யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துச் சலித்த ஒருவர், "எனக்கு இயேசு போதும், இந்தச் சண்டை வேண்டாம்" என்றால் வாதக்காரர்கள் அதை அறியாமை என்கிறார்கள். அப்படிச் சொன்னவரோ அதையே பக்தியின் உச்சம் என்று எண்ணிக்கொள்கிறார். இரண்டு பேருமே விஷயத்தைச் சுலபமாக்கிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். எளிய விசுவாசம் என்பது உண்மையில் எவ்வளவு வேலை வாங்கும் என்று பார்க்க, பல மிஷன்களின் சபைகள் 1947-ல் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆன கதையைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

நூறு ஆண்டு யாரும் கேட்கவில்லை

சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். ஜெர்மானிய லூத்தரன்கள்; அனுப்பியவர் டென்மார்க் அரசர். அவர்களுக்குப் பின் வந்த ஷ்வார்ட்ஸ் ஐயர் (போதகரை நம் ஜனங்கள் 'ஐயர்' என்பார்கள்) தஞ்சாவூரில் வேலை செய்தபோது அவருக்குச் சம்பளம் கொடுத்தது லண்டனில் இருந்த ஓர் ஆங்கிலிக்கன் சங்கம். 1790-ல் அவர் சத்தியநாதன் என்ற உபதேசியாருக்கு, அதாவது பட்டம் பெறாத ஊழியருக்கு, லூத்தரன் முறைப்படி குருப்பட்டம் கொடுத்தார். ஆங்கிலிக்கன் சட்டப்படி பார்த்தால், பேராயர் (பிஷப்) ஒருவர் தலைமேல் கை வைக்காமல் கொடுத்த பட்டம் பட்டமே அல்ல. ஆனால் காசு கொடுத்த ஆங்கிலேயர்கள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இந்தியாவில் ஆங்கிலிக்கன் பேராயர் ஒருவரும் இல்லாத காலம் அது. கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை என்பதால் கேள்வியும் எழவில்லை.

கல்கத்தாவுக்கு 1814-ல் பேராயர் பதவி வந்தது. கேள்வியும் கூடவே கப்பலேறி வந்தது.

அது வெடித்த இடம் திருநெல்வேலி. ரேனியஸ் ஐயர் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். பிரஷ்யாக்காரர், லூத்தரன் பட்டம் பெற்றவர், சி.எம்.எஸ். சங்கத்தின் ஊழியர். தமிழ் இலக்கணம் எழுதும் அளவுக்கு நம் மொழியில் ஊறியவர். வேதாகமத் தமிழைத் திருத்தியவர். ஊர் ஊராகச் சபைகள் பெருகின. உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க வேண்டிய கட்டம் வந்தது. நானே கொடுக்கிறேன், எங்கள் முறையில் அது செல்லும் என்றார் ரேனியஸ். கூடாது, பேராயர்தான் கொடுக்க வேண்டும், ஆங்கிலிக்கன் முறைக்கு அவர்கள் கையெழுத்திட வேண்டும் என்றது சங்கம். ரேனியஸ் அந்தத் திருச்சபை ஒழுங்கையே விமர்சித்து எழுதினார். 1835-ல் சங்கம் அவரை விலக்கியது.

திருநெல்வேலிச் சபைகள் இரண்டாகப் பிளந்தன. ஏராளமான உபதேசியார்களும் ஊர்களும் ரேனியஸ் பக்கம் போனார்கள். பக்கத்து ஊர் சங்கத்தின் பக்கம் நின்றது. 1838-ல் அவர் பாளையங்கோட்டையில் இறந்தபின் பிரிந்தவர்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். பனையேறி, கருப்பட்டி காய்ச்சிப் பிழைத்த அந்த ஜனங்களுக்கு அப்போஸ்தலர் காலத்திலிருந்து அறுபடாமல் வரும் பேராயர் பரம்பரை என்ற கோட்பாடு என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்களுக்குத் தெரிந்தது ஒரு மனிதரும், அவர் சொல்லிக்கொடுத்த ஜெபமும். ஆனால் பிளவு அவர்கள் வீட்டு வாசலில்தான் விழுந்தது.

கன்னியாகுமரிப் பக்கம் இன்னொரு சோதனை நடந்தது. எல்.எம்.எஸ். சங்கம் 1795-ல் லண்டனில் தொடங்கி, அடுத்த ஆண்டே ஓர் அடிப்படைக் கொள்கை வகுத்துக்கொண்டது: பேராயர் ஆளும் முறை, மூப்பர் குழு ஆளும் பிரெஸ்பிட்டேரியன் முறை, ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே ஆளும் தனிச்சபை முறை என்று எந்த ஒழுங்கையும் அனுப்பமாட்டோம், சுவிசேஷத்தை மட்டும் அனுப்புவோம், எந்த ஒழுங்கு வேண்டும் என்பதை அங்கே விசுவாசிக்கிறவர்கள் முடிவு செய்யட்டும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! எளிய விசுவாசத்தின் சாசனமே இதுதான் எனலாம். அவர்கள் அனுப்பி, 1806-ல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தோபே ஐயர் லூத்தரன் பட்டம் பெற்றவர். அவருக்குப் பின் வந்தவர்களில் தனிச்சபை முறைக்காரர்களே அதிகம். நூறு ஆண்டுகளில் நாகர்கோவில் பக்கம் அந்த முறையே வேரூன்றிவிட்டது. வடிவமே வேண்டாம் என்று அனுப்பினாலும், எடுத்து வருபவரின் வடிவத்தைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. "எங்களுக்குக் கோட்பாடே இல்லை, வேதம் மட்டும்தான்" என்று சொல்லும் சபைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். கோட்பாடு இல்லாத சபை என்று ஒன்று கிடையாது. தன் கோட்பாடு என்னவென்று தனக்கே தெரியாத சபை உண்டு.

தரங்கம்பாடியில் 33 பேர்

வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்பா ஓர் ஆங்கிலிக்கன் குருவானவர். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் மிஷனரிகளைப் பார்த்து அவர் பேசியது பெரிய சலசலப்பை உண்டாக்கியது. ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். 1912-ல் அவர் இன்றைய தெலங்கானாவில் உள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை.

1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர்கள். ஆங்கிலிக்கன்களும், தென்னிந்திய ஐக்கிய சபையாரும் இருந்தார்கள். பிரெஸ்பிட்டேரியன், தனிச்சபை வழிக்காரர்கள் 1908-லேயே தங்களுக்குள் இணைந்து உருவாக்கியது இந்த ஐக்கிய சபை. அவர்கள் வெளியிட்ட அறிக்கையின் மையம் ஒரு குற்றச்சாட்டு: எங்களைப் பலவீனப்படுத்தும் இந்தப் பிரிவினைகள் வெளியிலிருந்து எங்கள் மேல் சுமத்தப்பட்டவை, நாங்கள் உண்டாக்காதவை, தொடர்ந்து சுமக்க நாங்கள் விரும்பாதவை.

இடத்தையும் கவனிக்க வேண்டும். கூடியது லூத்தரன் மண்ணில். ஆனால் லூத்தரன்கள் இந்த இணைப்புக்குள் வரவில்லை. அதே 1919-ல்தான் தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக உருவானது. அதை இளக்காரமாகப் பார்க்கக் கூடாது. அவர்கள் தரப்புக்கு வருகிறேன்.

தரங்கம்பாடியில் இரண்டு நாளில் தோன்றிய ஆசை நிறைவேற 28 ஆண்டுகள் ஆயிற்று. 1925 முதல் வெஸ்லியன் மெதடிஸ்ட்டுகளும் பேச்சில் சேர்ந்தார்கள். 1929-ல் முதல் இணைப்புத் திட்டம் அச்சானது. திருத்தித் திருத்தித் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். அத்தனை ஆண்டும் அவர்களை அலைக்கழித்த கேள்வி, ரேனியஸ் ஐயரை வெளியே தள்ளிய அதே கேள்விதான்: ஊழியரின் தலைமேல் வைக்கப்பட்டது யாருடைய கை?

ஆங்கிலிக்கன்களின் கவலை வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. அப்போஸ்தலரிடமிருந்து கைமாறி வரும் ஒரு தொடர்ச்சி சபையை வேரோடு கட்டி வைத்திருக்கிறது, அதை அறுத்தால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் எதையும் சபை என்று சொல்லலாம் என்பது அவர்கள் வாதம். இன்று தெருவுக்குத் தெரு தன்னைத்தானே 'பிஷப்' ஆக்கிக்கொள்பவர்களைப் பார்த்தால் அந்தப் பயத்தில் நியாயம் இருப்பது தெரியும். மறுபக்கத்தின் வலி இன்னும் ஆழமானது. இணைய வேண்டுமென்றால் பேராயரிடம் மறுபடி பட்டம் வாங்கு என்று ஐக்கிய சபைப் போதகரிடம் சொன்னால், அதுவரை அவர் பரிமாறிய இராப்போஜனம் (திருவிருந்து) வெறும் அப்பமும் ரசமும்தான் என்று அவரே ஒப்புக்கொண்டதாகும். காலராக் காலத்தில் சாகக் கிடந்தவர் வாயில் ஊட்டியது என்னவாம்?

இதை அவர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கேள்விக்கு விடை கண்டுபிடித்துத் தீர்க்கவில்லை. அந்த விடையை எவரிடமிருந்தும் கட்டாயமாகக் கேட்பதில்லை என்று தீர்மானித்தார்கள்.

புதிய சபையில் பேராயர்கள் இருப்பார்கள். பேராயர் பதவி எதற்கு, அது அப்போஸ்தலரிடமிருந்து வந்ததா, நிர்வாக வசதிக்கா என்ற எந்த ஒரு விளக்கத்தையும் யாரும் ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை. இணையும் நாளில் இருக்கும் ஊழியர்கள் எல்லாரும், எந்தக் கையால் பட்டம் பெற்றிருந்தாலும், மறுபட்டம் இல்லாமல் ஊழியர்களே. அந்த நாளுக்குப் பின் புதிதாகப் பட்டம் பெறுபவர்களுக்குப் பேராயரும், கூட நிற்கும் குருமாரும் சேர்ந்து கை வைப்பார்கள். எந்தச் சபையின் மேலும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையையோ ஊழியரையோ திணிக்கமாட்டோம் என்று ஓர் உறுதிமொழியும் சேர்ந்தது. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணமும் நிசேயா விசுவாசப் பிரமாணமும் ஏற்கப்பட்டன, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொருவரும் தலையாட்ட வேண்டும் என்ற அர்த்தத்தில் அல்ல. விசுவாசத்துக்குச் சாட்சியாகவும் காவலாகவும். ஊழியரின் பெயரில்கூட இந்தக் கவனம் தெரியும். ஒருவருக்கு 'ப்ரீஸ்ட்' கசக்கும், இன்னொருவருக்கு 'மினிஸ்டர்' கசக்கும். எனவே புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்திலிருந்து 'பிரஸ்பிட்டர்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நம் ஜனங்கள் எதைப் பற்றியும் கவலைப்படாமல் 'ஐயர்' என்றே கூப்பிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

யோவான் 9-ல் பிறவிக் குருடன் ஒருவன் பார்வை பெற்றபின் பரிசேயர் அவனை விசாரிப்பார்கள். குணமாக்கியவர் பாவியா இல்லையா, சொல் என்று நெருக்குவார்கள். அவன் சொல்வான்: "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்." எளிய விசுவாசத்துக்கு இதைவிட நல்ல வாக்குமூலம் இல்லை. ஆனால் அவன் அதோடு நிற்பதில்லை. மறுபடி நெருக்கும்போது, தேவன் பாவிகளுக்குச் செவிகொடுப்பதில்லையே, அப்படியானால் இவர் யார் என்று அவர்களிடமே நியாயம் கேட்கிறான், அதற்காகத் துரத்தப்படுகிறான். எளிமையானவன் யோசிக்காதவன் அல்ல. தனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் அவன் கலக்கவில்லை, அவ்வளவுதான். இணைப்புத் திட்டத்தை எழுதியவர்கள் 28 ஆண்டுகள் செய்ததும் அந்தப் பிரித்தெடுக்கும் வேலைதான் என்று எனக்குப் படுகிறது.

எதிர்த்தவர்களும் ஒதுங்கியவர்களும்

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆளுக்கு ஓர் அர்த்தம் எடுத்துக்கொள்ளும் வாசகங்களின் மேல் கட்டும் ஒற்றுமை, ஒற்றுமையே அல்ல என்று இங்கிலாந்தில் ஒரு கூட்டம் கொதித்தது. கவிஞர் டி.எஸ். எலியட் 1943-ல் இதை எதிர்த்து ஒரு சிறு பிரசுரமே எழுதினார். நம் ஊர்ச் சபை விவகாரத்தில் எலியட் தலையிட்டார் என்பது தமிழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. மெதடிஸ்ட்டுகள் 1943-ல் ஒப்புதல் தந்தார்கள். அசரியா 1945 ஜனவரி 1 அன்று இறந்தார். ஆங்கிலிக்கன் ஒப்புதல் வந்தது அதே மாதத்தில். மோசே கானானைப் பார்த்துவிட்டு இறந்தார் என்பார்கள். இவருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

நாடு விடுதலை அடைந்து ஆறு வாரம் கழித்து, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கியது. அன்று ஒன்பது புதிய பேராயர்கள் அபிஷேகம் பெற்றார்கள். அவர்களில் லெஸ்லி நியூபிகினுக்கு வயது 37. பேராயரே வேண்டாம் என்ற ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் மரபில் வந்தவர். அவர் பேராயராகப் போனது மதுரைக்கு, அமெரிக்கத் தனிச்சபைக்காரர்கள் நூறாண்டுக்கும் மேல் உழைத்த மண்ணுக்கு. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் வழிவந்த சபையும் இதில் சேர்ந்தது. சபாபதி குலேந்திரன் அங்கே முதல் பேராயரானார்.

ஆந்திராவின் நந்தியால் பகுதியில் ஆயிரக்கணக்கான ஆங்கிலிக்கன்கள் சேர மறுத்து, பல ஆண்டுகள் வெளியே நின்றார்கள். அடுத்த ஆண்டு லண்டன் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் பேராயர்களும் புதுச் சபையை முழுமனதாக அணைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் கலப்புக் கலியாணம் செய்துகொண்டபோது பெற்றவர்கள் காட்டும் முகம் அது.

லூத்தரன்களின் தயக்கம் வேறு ரகம். அவர்களுக்குப் பேராயர் பிரச்சினை இல்லை; 1921 முதல் தரங்கம்பாடிக்கு அவர்களுக்கே பேராயர் உண்டு. அவர்கள் கேட்டது இது: திருவிருந்தில் நடப்பது என்ன என்பதில் நாம் ஒன்றுபட்டிருக்கிறோமா? இதற்கு 400 ஆண்டு வரலாறு உண்டு. 1529-ல் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் லூத்தரும் சுவிஸ் சீர்திருத்தவாதி சுவிங்கிலியும் உட்கார்ந்து பேசியபோது 15 கூறுகளில் 14-ல் ஒத்துப்போனார்கள். இராப்போஜனத்தில் கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே இருக்கிறதா என்ற கடைசி விஷயத்தில் உடைந்தது. 'இது என் சரீரம்' என்ற வாக்கியத்தை லூத்தர் சுண்ணக்கட்டியால் மேசையில் எழுதி வைத்துக்கொண்டு அதைவிட்டு நகரவில்லை. அவருக்கு அது பிடிவாதம் அல்ல. பாவியின் ஆறுதல் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்குகிறது, அதை 'உவமை' என்று சொன்னால் ஆறுதலும் உவமையாகிவிடும் என்று பயந்தார். சி.எஸ்.ஐ.யும் லூத்தரன்களும் 1947-க்குப் பின் பல ஆண்டுகள் பேசினார்கள், பொது அறிக்கைகளும் எழுதினார்கள், இணைப்பு வரவில்லை. கேட்காமல் விடக்கூடாத கேள்விகளும் உண்டு என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த நினைப்பு தவறு என்று என்னால் சொல்ல முடியாது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. பிரிவினைகள் வெளியிலிருந்து சுமத்தப்பட்டவை என்றது தரங்கம்பாடி அறிக்கை. மார்பர்க் சச்சரவும், ஆங்கிலிக்கன் தலைமையிடமான கேன்டர்பரியும் வெளியிலிருந்து வந்தவைதான். சாதி எங்கிருந்து வந்தது? பந்தியில், பெஞ்சில், கல்லறைத் தோட்டத்தில் இருந்த கோடுகளை எந்த மிஷனரியும் கப்பலில் கொண்டுவரவில்லை; பலர் அழிக்கப் பார்த்துத் தோற்றார்கள். 28 ஆண்டுப் பேச்சின் பெரும்பங்கு பேராயரின் கையைப் பற்றியதாகவே இருந்தது. இன்று சி.எஸ்.ஐ.யின் திருமண்டலத் (ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதி) தேர்தல்களில் எந்த அணி எந்தச் சாதி என்று எல்லாருக்கும் தெரியும். எந்த வேட்பாளர் எந்த இறையியல் என்று யாரும் கேட்பதில்லை. கோட்பாட்டுச் சண்டையை ஒதுக்கிவைத்த இடத்தில் விசுவாசம் மட்டுமே வந்து உட்காரும் என்று எதிர்பார்க்க முடியாது போலும்.

ஆனாலும் மேசையில் ஏதோ ஒன்று மாறியது. 1950-ல் சி.எஸ்.ஐ. வகுத்த திருவிருந்து ஆராதனையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சமாதானம் பகிரும் பகுதி இருக்கிறது. கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம் அது. உலகின் பல சபைகள் பிற்பாடு தங்கள் ஆராதனையில் சமாதானம் பகிர்வதைத் திரும்பச் சேர்த்தபோது இந்த முறை ஒரு முன்னோடியாக இருந்தது. 1835-ல் பேராயரின் கைக்காகப் பிளந்த அதே திருநெல்வேலியில் இப்போது திருவிருந்து நேரத்தில் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடிக்கிறார்கள்.

இப்போது அங்கே இருக்கும் சிக்கல் ஞானஸ்நானம். குழந்தையில் தெளிப்பு பெற்று, பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்னே திடப்படுத்தல் எடுத்த பிள்ளைகள், கல்லூரிக்குப் போன ஊரில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய் முழுக்கு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரே ஞானஸ்நானம் என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்லிவிட்டு இரண்டாவது எடுத்தவரை என்ன செய்வது? சபைக் கமிட்டிகளில் இது பெரிய சச்சரவாகும். எனக்குத் தெரிந்த ஒரு சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள்) அப்படி முழுக்கு எடுத்த ஒரு பெண் கிறிஸ்மஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாள். அவளுக்குத் திருவிருந்து கொடுக்கக் கூடாது என்று கமிட்டிக்காரர் ஒருவர் முந்தின நாளே ஐயரிடம் சொல்லிவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவோடு வந்து கிராதி முன் முழங்காற்படியிட்டாள். கமிட்டிக்காரர் இரண்டாம் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் வரிசையாக வந்தார். அம்மாவுக்குக் கொடுத்தார். அவளிடம் வந்து ஒரு நொடி நின்றார். நீட்டிய கையில் அப்பத்தை வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.